கொக்கு மட்டைக்குப் பதில் எழுதியவள்

தொழிற்சாலையின் பின்பக்கத்தில், மரத்தூள் கொட்டி வைக்கும் கொட்டகையை ஒட்டினாற்போல் ஓர் அறை இருந்தது. கதவில் ‘திரும்பி வந்தவை’ என்று மட்டும் எழுதியிருக்கும். எங்கெங்கோ உடைந்துபோன ஹாக்கி மட்டைகள், சாக்குத் துணியிலும் பழைய செய்தித்தாளிலும் சுற்றப்பட்டு, தபாலில் அந்த அறைக்குத்தான் வந்து சேரும். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு கடிதம் கட்டியிருக்கும். அந்தக் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது அவள் வேலை.

வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபது வயது. கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது என்பதற்காகவே எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் பெரியவர் என்று அழைக்கும் முதலாளி, நேர்காணலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“ஹாக்கி பார்த்திருக்கியாம்மா?”

“இல்லைங்க ஐயா.”

“ரொம்ப நல்லது. பார்த்தவங்களை உட்கார வச்சா, லெட்டர் எழுதாம நாள் பூரா ஆட்டக் கதை பேசிட்டு இருப்பாங்க.”

அந்தத் தொழிற்சாலையில் செய்யும் கொக்கு மார்க் மட்டைக்கு அப்போது இருந்த மவுசே வேறு. கைப்பிடிக்குக் கீழே சின்னதாக ஒரு நீலக் கொக்கு ஒற்றைக் காலில் நிற்கும், அவ்வளவுதான். வேறு பூச்சு, கோடு, பளபளப்பு எதுவும் கிடையாது. கடையில் போய் “கொக்கு வந்திருக்கா?” என்று கேட்டால், கடைக்காரர் என்ன ஏது என்று திருப்பிக் கேட்கமாட்டார். “அடுத்த மாசம் வாங்க” என்பார். ஆட்டக்காரர்களும் முகம் சுளிக்காமல் அடுத்த மாதம் போவார்கள்.

ஒரு வருடத்துக்குள் மட்டை உடைந்து, அது மரத்தின் குறை என்றால் புது மட்டை கொடுக்கவேண்டும். ஆட்டக்காரரின் குறை என்றால் வருத்தம் தெரிவிக்கவேண்டும். இரண்டுக்கும் அவள் மேசைமேல் தனித்தனி ரப்பர் முத்திரைகள் இருந்தன. எது யார் குறை என்று கண்டுபிடிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உடைந்த மட்டைகளைச் சன்னலோரம் வரிசையாகச் சாய்த்து, ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து அவளே பிடித்துக்கொண்டாள். ரேகையோடு நீளமாகப் பிளந்தால் மரம் சரியில்லை. குறுக்கே முறுக்கிக்கொண்டு சிலாம்பு சிலாம்பாக நின்றால் ஆட்டக்காரர் எதன் மேலோ ஓங்கி அடித்திருக்கிறார். கைப்பிடியின் பிரம்பு பசை விட்டு வந்திருந்தால் பக்கத்து அறைப் பசைக்காரருக்கு அன்று திட்டு.

மட்டையின் வளைவில் ஒட்டியிருக்கும் மண்ணைத்தான் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். சிவப்பு மண், கரிசல், சாம்பல் நிறப் புழுதி, காய்ந்துபோன புல்லின் பச்சை. ஒரு முறை மணலோடு ஓர் உடைந்த கிளிஞ்சல்கூட வந்தது. கடலோரத்தில் ஒரு மைதானம், பந்து அலைக்குள் போனால் ஆட்டம் நிற்கும், யாரோ முழங்கால் தண்ணீரில் இறங்கி எடுத்து வருவார்கள் என்று அவள் பாட்டுக்கு நினைத்துக்கொண்டே போவாள். எழுதவேண்டிய கடிதம் காற்றில் படபடத்துக்கொண்டிருக்கும். பசைக்காரர் கதவோரம் வந்து நின்று, “மேகம் இன்னைக்கு எந்த ஊருக்குப் போயிருக்கு?” என்று கேட்பார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சம்பள உறையில்கூட ஒரு முறை ‘மேகம்’ என்று எழுதிவிட்டார்கள். அவளும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

மேகத்துக்குக் கல்யாணம் ஆனதும் அந்த அறையால்தான்.

ஒரு நாள் ஒரு மட்டை வந்தது. கடிதத்தில், ‘பந்து மிக மெதுவாகத்தான் வந்தது. பூப்போல நிறுத்தினேன். மட்டை முறிந்துவிட்டது’ என்று எழுதியிருந்தது. மட்டையின் முதுகிலோ வெள்ளை எண்ணெய்ப் பெயின்ட் ஒரு விரல் அகலத்துக்கு அப்பியிருந்தது. மேகம் ஆட்டக்காரரின் குறை என்று முத்திரை குத்திவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்தாள்: ‘கோல் கம்பத்துக்குக் காயம் எதுவும் இல்லையே?’

பத்து நாள் கழித்து, நகரசபைச் சீருடையில் ஒரு நெட்டையான ஆள் அறை வாசலில் வந்து நின்றான். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவன். நகரசபை அணியில் தடுப்பாட்டக்காரன்.

“கம்பம் எப்படி இருக்குன்னு கேட்டிருந்தீங்க,” என்றான் தலையைச் சொறிந்துகொண்டே. “அதான், நேர்லயே சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். நல்லா இருக்கு.”

மேகம் வாய்விட்டுச் சிரித்தாள். “எத்தனை கோல் வாங்குனீங்க அன்னைக்கு?”

“அஞ்சு. அஞ்சும் என் காலுக்கு நடுவுல.”

அடுத்த வாரம் அவன் ஆட்டத்தைப் பார்க்கப் போனாள். அதுதான் அவள் பார்த்த முதல் ஆட்டம். பிடித்திருந்தது, ஆனாலும் தன் அறையில் இதைவிட நல்ல ஆட்டங்களைப் பார்த்திருப்பதாக அவளுக்குத் தோன்றியது. அதை அவனிடமே சொன்னாள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. எட்டு மாதத்தில் கல்யாணம் நடந்தது. புது மட்டை மட்டும் அவனுக்குக் கடைசிவரை கொடுக்கவில்லை.

காலம் அதன் போக்கில் ஓடியது. ஒரு மகள் பிறந்தாள், வளர்ந்தாள், பள்ளிக்குப் போனாள். இதற்கிடையில் மைதானங்கள் மாறின. புல் போய்ச் செயற்கைப் புல் வந்தது. பந்து கண்ணாடி மேல் ஓடுவதுபோல் ஓடியது. கார்பன் மட்டைகள் வந்தன. இறகுபோல எடை, அடித்தால் இடிபோலச் சத்தம். இளம் ஆட்டக்காரர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். பெரியவர் படுக்கையில் விழுந்தார். அவருடைய மகன் சின்னவர் நாற்காலிக்கு வந்தார்.

கொக்கு மார்க் சரியத் தொடங்கியது தொழிற்சாலையில் யாருக்கும் தெரிவதற்கு முன்னால் மேகத்துக்குத் தெரிந்துவிட்டது. மட்டைகள் ஒரே இடத்தில், கழுத்தில், ஒரே மாதிரி பிளந்து வரத் தொடங்கின. உள்ளே மரம் வெளுத்திருந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் பச்சை வாசம் அடித்தது. மரத்தை வெட்டியபின் எட்டு மாதம் நிழலில் காயவைப்பதுதான் தொழிற்சாலையின் வழக்கம். அவள் பின்பக்கக் கொட்டகைக்குப் போய் எட்டிப் பார்த்தாள். அடுக்கடுக்காக மரம் நிற்கும் இடம் காலியாகக் கிடந்தது. வந்த மரம் வந்த சூட்டில் அறுவைக்குப் போய்க்கொண்டிருந்தது.

சின்னவரிடம் இரண்டு மட்டைகளை எடுத்துக்கொண்டு போனாள்.

“மரம் காயலைங்க. முகர்ந்து பாருங்க.”

அவர் முகரவில்லை. “கார்பனோட போட்டி போட்டாகணும்மா. எட்டு மாசம் காத்துட்டு இருந்தா நம்மளைத்தான் காயவைப்பாங்க. நீங்க பதில் எழுதுற வேலையைப் பாருங்க.”

மறுநாள் காலை அவள் மேசையில் ஒரு முத்திரைதான் இருந்தது. ‘மரத்தின் குறை’ முத்திரையைக் காணவில்லை. எங்கே போயிருக்கும் என்று யாரிடமும் அவள் கேட்கவில்லை. இனி வருகிற எல்லாவற்றுக்கும் ஆட்டக்காரர்தான் காரணம் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

அன்று முழுவதும் அவள் ஒரு கடிதமும் எழுதவில்லை. சன்னலோரம் நின்ற பதினொரு மட்டைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சாயங்கால வெயில் மரத்தூள் வழியாக அறைக்குள் இறங்கியபோது, அந்தப் பதினொன்றும் ஓர் அணி வரிசையில் நிற்பதுபோல இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஆள், தன்மேல்தான் தவறோ என்று யோசித்துக்கொண்டு நிற்பதுபோல. பசைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். எந்த ஊர் என்று அன்றைக்குக் கேட்கவில்லை.

மறுநாள் கொக்குப் படம் போட்ட கம்பெனித் தாளை எடுத்து, பேனாவால் எழுதத் தொடங்கினாள். ‘உங்கள் மட்டையைப் பார்த்தோம். மரம் போதுமான அளவு காயவில்லை. நீங்கள் சரியாகத்தான் ஆடியிருக்கிறீர்கள். குறை எங்களுடையது.’ பதினொரு கடிதங்கள் போயின. அடுத்த வாரம் ஒன்பது. இரண்டு மாதத்தில் அறுபத்து மூன்று. அவள் எழுதுவதை யாரும் படித்துப் பார்க்கிற பழக்கமே இல்லாததால், எல்லாம் ஒழுங்காகத் தபாலில் சேர்ந்தன.

ஒரு பள்ளியின் விளையாட்டு ஆசிரியை ஏழு கடிதங்களைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே சின்னவர் அறைக்கு வந்துவிட்டார். மேகத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

“இது உங்க கையெழுத்தா?” என்றார் சின்னவர்.

“ஆமாங்க.”

“யார் இப்படி எழுதச் சொன்னது?”

“யாரும் சொல்லலைங்க. முத்திரையைக் காணோம். அதனால கையாலேயே எழுதிட்டேன்.”

சின்னவர் மேலே ஏதோ கேட்க வாய் திறந்தார். அதற்குள் ஆசிரியை குறுக்கிட்டார். “சார், நான் சண்டைக்கு வரலை. இந்த மாதிரி எழுதுற கம்பெனியை எங்க பிள்ளைங்க பார்த்ததே இல்லை. ஏழு மட்டையையும் மாத்திக் குடுங்க. நல்லாக் காய்ஞ்சதாக் குடுத்தீங்கன்னா இன்னும் இருபது வாங்கிக்கிறோம். உடைஞ்சதும் எங்களுக்கு வேணும். லெட்டரோட சேர்த்துப் பள்ளிக்கூடத்துல மாட்டப் போறோம்.”

சின்னவர் சிரித்த முகத்தோடு ஏழு மட்டைகளையும் மாற்றிக் கொடுத்தார். ஆசிரியையின் தலை மறைந்ததும் மேகத்தை அட்டைப்பெட்டி மடிக்கும் பகுதிக்கு மாற்றினார். ‘திரும்பி வந்தவை’ அறையைப் பூட்டினார்கள்.

அவள் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது, கணவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான், “அறுபத்து மூணு பேருக்கா எழுதுனே?”

“ஆமா.”

“எனக்கு மட்டும் கம்பத்தைப் பத்தி எழுதுனே.”

“நீங்க பொய் சொன்னீங்க. அவங்க சொல்லலை.”

பெட்டி மடிக்கும் பகுதியில் மேகம் ஆறு வருடம் இருந்தாள். அங்கே சன்னல் கிடையாது. மண்ணும் வராது. முதலில் நாளைக்கு நானூறு பெட்டி மடித்தார்கள், பிறகு இருநூறு, பிறகு நாள்விட்டு நாள். கடைசி வருடத்தில் மடிக்கப் பெட்டி இருந்தது, உள்ளே வைக்க மட்டை இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் தொழிற்சாலைச் சங்கு ஊதியது. மறுநாள் ஊதவில்லை. கொக்கு மார்க்கை, பைகள் செய்யும் ஒரு கம்பெனி வாங்கிக்கொண்டது என்று பிறகு தெரிந்தது. முதுகுப்பை, காலுறை, தண்ணீர் பாட்டில் என்று கடைவீதியெல்லாம் கொக்கு நின்றது. மகள் ஒரு பாட்டிலை வாங்கிக்கொண்டு வந்து, “அம்மா, உன் கொக்கு!” என்று நீட்டினாள். மேகம் அதில் தண்ணீர் குடித்துப் பார்த்தாள். தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது.

அதன்பின் நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. மீட்டர் பார்க்கப் போகும் வீடுகளில் கணவன் கொக்கு மட்டைகளைப் பார்க்கத் தொடங்கினான். முன்பும் அவை இருந்திருக்கும். இப்போதுதான் கண்ணில் பட்டன. பரண்மேல், கதவுக்குப் பின்னால், சன்னலுக்கு முட்டுக் கொடுத்தபடி, துணிக்கொடியைத் தூக்கி நிறுத்தியபடி. யாரும் தூக்கி எறிந்திருக்கவில்லை. சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்வான், “இன்னைக்கு மூணு கொக்கு.” மேகம் எந்த வீடு, எந்த மூலை, கைப்பிடித் துணி என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். அவன் மீட்டர் எண்ணை மறந்தாலும் கைப்பிடித் துணியின் நிறத்தை மறக்காமல் பார்த்துவிட்டு வரப் பழகினான். கேட்டுக்கொண்டே கண்ணை மூடினால், ஊர் முழுக்க வீட்டுக்குள்ளே வீட்டுக்குள்ளே நீலக் கொக்குகள் ஒற்றைக் காலில் தூங்கிக்கொண்டிருப்பதுபோல அவளுக்குத் தெரியும்.

ஒரு வீட்டில், ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர் மட்டையைக் காட்டிவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாராம். நாலாக மடித்து மடித்து ஓரமெல்லாம் கிழிந்த தாள். ‘குறை எங்களுடையது.’

“இது என் வீட்டுக்காரி எழுதினதுங்க,” என்றானாம் கணவன்.

“அப்படியா? இதைப் படிச்சப்புறம் வேற மட்டையைத் தொட மனசு வரலைங்க. உடைஞ்சதைத் திரும்ப வாங்கிட்டு வந்து நானே சேர்த்து ஒட்டிட்டேன். இன்னும் அதுலதான் ஆடுறேன்.”

ஊர்க்கோடியில், செயற்கைப் புல் போடாமல் விட்ட ஒரு பழைய மைதானம் இருந்தது. தச்சரும் அவரைப் போன்ற இருபது முப்பது பேரும் ஞாயிறு காலைகளில் அங்கே ஆடினார்கள். கார்பன் மட்டைக்கு அனுமதி இல்லை. ஓட்டம் கம்மி, மூச்சிரைப்பு அதிகம், பேச்சு எல்லாவற்றையும்விட அதிகம். மேகத்தின் முகவரி அந்த மைதானத்திலிருந்துதான் பரவியது. முதலில் உள்ளூர்க்காரர்கள் மட்டையோடு வந்தார்கள். பிறகு வெளியூர்களிலிருந்து தபால் வந்தது. இது அசல் கொக்கா, எந்த வருடத்து மரம், ஒட்டினால் ஒட்டுமா என்று கேட்டார்கள். சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியை அவள் அதற்கு ஒதுக்கிக்கொண்டாள். பழையபடி மண் வந்தது. பழையபடி அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அடுப்பில் பால் பொங்கி வழியும். மகள் ஓடிப்போய் அணைப்பாள்.

அப்படி ஒரு நாள் காலையில் ஒரு பெண் வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், இரவுப் பணி முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருந்தாள். கையில் போர்வையில் சுற்றிய மட்டை.

“எங்க அப்பாவோடதுங்க அக்கா. போன மாசம் தவறிட்டார். கட்டிலுக்கு மேலயே மாட்டி வச்சிருப்பார். ‘இது கொக்கு, யாரும் தொடக்கூடாது’ன்னு சொல்லிட்டே இருப்பார். கண்ணாடிப் பெட்டி செஞ்சு வைக்கலாம்னு இருக்கேன். எந்த வருஷத்து மட்டைன்னு சொன்னீங்கன்னா அதையும் எழுதி வச்சிடுவேன்.”

மேகம் போர்வையைப் பிரித்தாள். பார்த்த மாத்திரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கொக்கு இரண்டு காலிலும் நின்றுகொண்டிருந்தது. அலகு கொஞ்சம் கோணல். அச்சில்லை, தூரிகை. மரமும் அவர்கள் மரமில்லை. ஏதோ மலிவான கடை மட்டை.

அறுபத்து மூன்று பேருக்குத் தயங்காமல் எழுதியவளுக்கு, எதிரில் உட்கார்ந்திருந்த ஒருத்தியிடம் சொல்ல வாய் வரவில்லை. எழுந்துபோய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தாள். நர்ஸ் குடித்து முடிக்கும்வரை மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“இது எங்க மட்டை இல்லைம்மா. இந்தக் கொக்கைக் கையால வரைஞ்சிருக்காங்க.”

நர்ஸ் கொக்கின் மேல் விரலை வைத்துத் தடவினாள். “இந்த நீலம்...” என்றாள். “எங்க பழைய வீட்டுச் சன்னல் இந்த நீலம்தான். அப்பாதான் பெயின்ட் அடிச்சார்.” சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணும் கலங்கியது. “வாங்க முடியலைன்னு ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. வரைஞ்சுக்கிட்டார் பாருங்க.”

“நல்லாத்தான் வரைஞ்சிருக்கார்,” என்றாள் மேகம். “அப்பா எந்த இடத்துல ஆடுவார்?”

“தெரியாதுங்க. நான் பிறக்கறதுக்கு முன்னாடியே விட்டுட்டார். கேட்டா, ‘ஏதோ ஆடுனேன்’ன்னு சொல்லி மழுப்பிடுவார்.”

மேகம் மட்டையைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். வளைவின் மூக்கு ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. மட்டையைத் திருப்பிப் பிடித்து ஆடியவர்களுக்குத்தான் அப்படித் தேயும். இடுக்கில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். எல்லைக்கோடு போடும் சுண்ணாம்பு.

“இடது ஓரம்,” என்றாள். “கோட்டை ஒட்டியே ஓடியிருக்கார். பந்தைக் கோட்டுக்கு வெளிய விடாம இழுத்து இழுத்துக் கொண்டுவந்திருக்கார். கொஞ்ச நாள் ஆடின மட்டை இல்லை இது. பத்து வருஷமாவது ஆடியிருக்கணும். எங்க மட்டையிலயே இவ்வளவு தேய்ஞ்சதை நான் நாலைஞ்சுதான் பார்த்திருக்கேன்.”

“இதை எழுதித் தருவீங்களா அக்கா?”

கம்பெனித் தாள் இப்போது கிடையாது. மகளின் பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினாள். ‘இந்த மட்டை கொக்கு மார்க் தொழிற்சாலையில் செய்யப்பட்டதல்ல. இதை வைத்திருந்தவர் பல ஆண்டுகள் இடது ஓரத்தில் ஆடியவர்.’ நர்ஸ் அதை இரண்டு முறை படித்துவிட்டு, மட்டையோடு சேர்த்துப் போர்வையில் சுற்றினாள். கண்ணாடிப் பெட்டியைப் பற்றி அதன்பின் பேச்சு எடுக்கவில்லை. கிளம்பும்போது கேட்டாள், “ஞாயித்துக்கிழமை ஆடுறாங்களாமே, அது எங்க?”

அந்த ஞாயிறு மேகமும் கணவனும் போனபோது நர்ஸ் ஏற்கெனவே மைதானத்தோரம் நின்றிருந்தாள், ஆஸ்பத்திரி வெள்ளைச் செருப்போடு. பனி இன்னும் புல்லைவிட்டுப் போகவில்லை. ஆட்டக்காரர்கள் அந்த மூடுபனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக முளைத்து வந்தார்கள். எண்ணிப் பார்த்ததில் ஓர் ஆள் குறைவு.

தச்சர் நர்ஸின் கையில் இருந்த மட்டையை வாங்கிப் பார்த்தார். கொக்கின் இரண்டு கால்களையும் பார்த்தார். மேகத்தை ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்.

“கார்பன் இல்லையே,” என்றார். “வாம்மா. எங்க நிக்கிறே?”

“இடது ஓரம்,” என்றாள் நர்ஸ்.

அரைமணி நேரத்தில் ஒரே ஒரு தடவைதான் பந்து அவள் பக்கம் வந்தது. யாரோ “நிறுத்து, நிறுத்து!” என்று கத்தினார்கள். அவள் குனிந்து மட்டையை நீட்டினாள். பந்து மட்டையைத் தாண்டி, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, மைதானத்துக்கு அப்பால் வளர்ந்திருந்த உயரமான புல்லுக்குள் போய்விட்டது. அவள் சிரித்துக்கொண்டே பின்னாலேயே ஓடினாள். மூடுபனியில் வெள்ளைச் செருப்பு மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது; பிறகு அதுவும் தெரியவில்லை. ஆட்டக்காரர்கள் மட்டைமேல் சாய்ந்து நின்று, மூச்சு வாங்கியபடி, அவள் பந்தோடு வரட்டும் என்று காத்திருந்தார்கள்.